துணியில் படிந்த என் விரல்கள்

போன தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சிவகாசிக்குப் பக்கத்தில், எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவில் நடந்தது இது. பிள்ளைகளே, அப்பாமார் செய்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஒரு பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்தவர்களுக்கு நியாயம் கேட்டு எங்கள் தெரு ஆண்கள் சிலர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் குண்டாஸில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அதில் ஒருவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. நான் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

பெண்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. உள்ளே இருக்கிறவர்களின் வேட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து ஒரே நீளத் துணியாக்கினார்கள். அது வீடு வீடாகப் போகும். அவரவர் வீட்டு ஆளை நினைத்து எதையாவது நூலால் போட வேண்டும். ஒருத்தி புருஷனுக்குப் பிடித்த கருவாட்டைப் போட்டாள். "நெத்திலின்னு சொன்ன, பாம்பு மாதிரில கிடக்கு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். விருதுநகரில் மனு கொடுக்கிற நாளில் அந்தத் துணியை விரித்துப் பிடித்து, ஆட்களை விடச் சொல்லிக் கேட்பதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டு முறை வந்தது. நாலாவது படிக்கிற என் மகள், மாமாவின் பைக்கையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் தன்னையும் சிவப்பு நூலில் தைத்தாள். கீழே தன் பெயரை, என் இனிஷியலோடு.

மறுநாள் நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏப்பா, அந்தத் துணியில யார் யார் பேரு இருக்குன்னு மொதலாளி கேக்காரு. உன் வீட்டுப் பேரு இருக்காதுல்ல?"

"இல்லண்ணே" என்றேன். சீசன் வேலை போனால் வருஷமே போன மாதிரி எங்களுக்கு.

சாயங்காலம் வந்தபோது மனைவியும் மகளும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். அவசரத்தில் கைகூட நல்லாக் கழுவவில்லை. ஊசி முனையால் நெம்பி, என் மகளின் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். நூலை அடுப்பில் போட்டேன்.

காலையில் அவள் துணியைப் பார்த்து அழுதாள். "எலி இழுத்திருக்கும்மா" என்றேன்.

மனைவி துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிறவன். பெயர் இருந்த இடத்தைச் சுற்றி, அலுமினியத் தூளில் என் விரல்கள் வெள்ளி வெள்ளியாகப் பதிந்திருந்தன.

"எலியும் உங்க கம்பெனியிலதான் வேல பாக்குது போல" என்றாள். துணியை மடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மனு நாளில் எனக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போகாமல் விருதுநகர் போனேன். ஆனால் கூட்டத்தில் சேரத் தைரியம் வரவில்லை. நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெண்கள் துணியை விரித்தார்கள். என் விரல் தடங்களைச் சுற்றி யாரோ நீல நூலில் அழகாக ஓரம் தைத்திருந்தார்கள்.

வேடிக்கை பார்த்த ஒருவர் என் மகளிடம், "இது என்ன பாப்பா?" என்று கேட்டார்.

"எங்க அப்பா கை" என்றாள். "பக்கத்து வீட்டு அத்தை தச்சாக. அப்பாவுக்கு லீவு கிடைக்கலையாம். அதான் கைய மட்டும் அனுப்பிருக்காகன்னு அத்தை சொன்னாக."

அந்த அத்தையின் புருஷனும் உள்ளேதான் இருந்தார். பெயரைப் பிரித்தது நான்தான் என்று அந்த அத்தைக்குத் தெரியும். அப்படியும் என் பிள்ளையிடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. வேனுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

சில மாதம் கழித்து மச்சினன் வெளியே வந்தான். என் மகள் இன்றைக்கும் "எங்க அப்பா கையும் அதில இருக்கு" என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாள். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப்போகிறேன்; அவள் வாயால் அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது, அன்றைக்குப் பெயரைப் பிரித்ததைவிடக் கேவலமாக எனக்குப் படுகிறது.