வேதமுத்துவின் பதினேழாம் தலைமுறை

அம்பத்தூரில் எல்லாரும் கொசுவை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வேதமுத்து அதை வளர்த்துக்கொண்டிருந்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபடியே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வருஷா வருஷம் தாளாளர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும்.

ஆராய்ச்சி இதுதான்: சாக்கடைக் கொசுவுக்கு மருந்தடிப்பது, சாகாமல் தப்பியதைப் பெருகவிடுவது, அதன் பிள்ளைகளுக்கும் மருந்தடிப்பது. இருபது தலைமுறை இப்படித் தேறினால் மருந்துக்கு அசையாத ஒரு வம்சம் உருவாகும். ஊர் ஏற்கெனவே அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆண் கொசுக்களுக்கு ஊறவைத்த திராட்சை. பெண் கொசுக்களுக்கு ரத்தம். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்னறைக்குப் போய், வலைக்கூண்டுக்குள் கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தலைவலி என்றால் இப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறாரா இந்த மனுஷன் என்று மனைவி ஞானகுமாரி சுவரிடம் கேட்பாள்.

வழிகாட்டியான பேராசிரியர் கஜபதி அவசரக்காரர். கூண்டில் பதினாறாவது தலைமுறை பறந்துகொண்டிருக்கும்போதே டெல்லிக் கருத்தரங்கு ஒன்றில் இருபதாவதைப் பற்றிப் பேசிவிட்டுச் சால்வையோடு திரும்பினார். கொசு வேகமாகப் பெருகும் என்பார்கள். பேராசிரியர்கள் அதைவிட வேகம்.

எண்பத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியது. கிறிஸ்தவ வீடுகளில் அந்த மாதம் சுண்ணாம்பும் பெயிண்டும் இல்லாமல் தீராது. பின்னறையை மட்டும் விட்டுவிடு என்றார் வேதமுத்து. பண்டிகைக்கு ஒரு ஜன்னல் மட்டும் துருப்பிடித்து நிற்பதா என்றாள் ஞானகுமாரி. கூண்டின்மேல் ஈரத்துண்டு போட்டு மூடினால் போதும் என்று சமாதானம் ஆயிற்று. ஆராய்ச்சியாளரே அதற்குத் தலையாட்டினார்.

பெயிண்டர் துலுக்கானம் ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனான். மறுநாள் துண்டை எடுத்தால், கூண்டின் தரையில் கடுகு சிந்தினாற்போல ஒரு வம்சம். அதே தலைமுறையில் இன்னும் கொசுவாகாமல் தட்டிலிருந்த புழுக்களும் அசையாமல் மிதந்தன. தலைமுறை தலைமுறையாக விஷத்துக்குப் பழகியவை பச்சை பெயிண்டுக்குப் பழகியிருக்கவில்லை.

இரண்டாம் கோட் பெயிண்ட் அடிக்க வந்த துலுக்கானம் அவர் முகத்தைப் பார்த்தான். "இன்னா சார், கொசு செத்ததுக்கா எழவு ஊடு மாறி குந்திகினு கீற? பாயசம் வையி சார்."

கஜபதியோ கொஞ்சமும் அதிரவில்லை. "உங்க வீட்டுலதான் செத்திருக்கு வேதமுத்து. டெல்லியில உசுரோடதான இருக்கு?" என்றார். முதலிலிருந்து தொடங்கினால் பதிவுக்காலம் முடிந்துவிடும் என்பதையும் அன்பாக நினைவூட்டினார்.

மீதி நாலு தலைமுறையை வேதமுத்து மேசையில் உட்கார்ந்தே பெற்றெடுத்தார். எத்தனை முட்டை, எத்தனை புழு, எத்தனை தப்பின, எல்லாம் வரிசையாக வந்தன. உயிருள்ள கொசு அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டதே இல்லை. பட்டம் வந்தது. வேலை நிரந்தரமாயிற்று. கஜபதி ஓய்வு பெற்று, கொஞ்ச காலத்தில் செத்தும் போனார்.

ரீங்காரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வகுப்பில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கையில், வலது காதோரம். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். கொசுவத்தியும் பலிக்கவில்லை, அந்த வம்சத்தின் சிறப்பே அதுதானே. சில மாலைகளில், காலிக் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு தான் உட்கார்ந்திருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனிப்பார். வெளியே எடுத்தால் கையில் புள்ளிபுள்ளியாகத் தடிப்பு. அம்பத்தூரில் இதுவும் ஒரு அதிசயமா என்பாள் ஞானகுமாரி. வலையில் ஓட்டை இல்லை என்பதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்தில் ஒரு சனிக்கிழமை, பூந்தமல்லியிலிருந்து ஃபக்ருன்னிசா என்ற ஆராய்ச்சி மாணவி அவரைத் தேடி வந்தாள். பையில் அவருடைய ஆய்வேட்டின் நகல் இருந்தது. புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் நைந்திருந்தது. அதே கொசு, அதே மருந்து, அதே திராட்சை. அவர் எழுதியதை ஒன்று விடாமல் செய்தாளாம். மூன்று வருஷத்தில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பதினாறாவது தலைமுறை இடுகிற முட்டை பொரிப்பதில்லை. ஆய்வேடு தப்பாக இருக்காது, உன் கைதான் சரியில்லை என்கிறார் அவளுடைய வழிகாட்டி. நிக்காஹ் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது.

முழுக்கைச் சட்டையை மடித்துக் கையைக் காட்டினாள். முழங்கை வரை தழும்பு.

"பதினேழாவதுக்கு நீங்க என்ன சார் பண்ணீங்க? எழுதாம விட்ட சின்ன விஷயம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. என் ரத்தம்தான் ஆகலையோன்னு அக்கா கையக்கூட வச்சுப் பார்த்துட்டேன்."

வேதமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழாவது பொறக்கவே இல்லம்மா," என்றார். "மேசையில உக்காந்து நானாவே எழுதினது."

அவள் அழவில்லை. சட்டைக்கையை மெதுவாக இறக்கி, பொத்தானைப் போட்டாள். நான் போய்ச் சொன்னால் தோற்றவள் புளுகுகிறாள் என்பார்கள், நீங்களே வந்து எங்கள் வழிகாட்டியிடம் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள்.

டீயோடு வந்த ஞானகுமாரி கதவருகே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போயிடும்னுதான் தோணுது."

டீயை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, ஆறிவிடும் குடி என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்:

"இஸ்திரி போட்ட சட்டை ஒண்ணுகூட இல்ல. திங்கக்கெழம போறதுன்னா எதுன்னு இப்பவே எடுத்துக் குடுங்க, தொவச்சுப் போடணும்."