சரசு சொன்ன பொய்

எங்கள் தேவிபட்டினத்துத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த மருமகள் நான் ஒருத்திதான். அடுத்த வீட்டு நாகம்மாவின் மகள் சரசு, ஆங்கில இலக்கணம் பழக என்னிடம் வருவாள்.

மூன்று வயதாகியும் என் மகள் பேசவில்லை. ஒருநாள் ஊருணிக்கரையில் எல்லோர் முன்னாலும் நாகம்மா, "படிச்சவ பெத்தது ஊமையாப் போச்சே!" என்று சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலை சரசுவுக்குப் பயிற்சியாக நானே ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினேன். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பழித்துத் திரியும் ஒரு வாயாடியின் கதை. "அம்மாவுக்கும் வாசிச்சு அர்த்தம் சொல்லு" என்றேன். படித்ததும் அவள் முகம் வாடியது. நான் இரங்கவில்லை.

காலையில் நாகம்மா வந்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ஏத்தா, அடுத்த வீட்டுப் புள்ளைய ஆசையாத் தூக்கி வளக்குறவன்னு என்னைய இங்கிலீசுல எழுதுனியாமே? சரசு சொன்னா. நான் அப்படி என்னத்தச் செஞ்சுட்டேன்?" என்று கூச்சத்தோடு கேட்டு, என் மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற சரசு என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆமாக்கா, உங்களப் பத்தித்தான்" என்றேன்.

நாகம்மா மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் என் மகளுக்குப் பேச்சு வந்தால், அவளும் எனக்காக இப்படி ஒரு பொய் சொல்வாளா என்று ஏங்குகிறேன்.