பார்சலில் போகவிருந்த குக்கர் மூடி

எங்களுக்குக் குக்கர் விற்ற நிறுவனம் ஆதாரத்தை அழிக்கப் பார்த்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

சமைக்கும்போது மூடி தெறித்து என் மனைவியின் கை வெந்தது. இப்படிக் காயப்பட்ட பலரின் வழக்குகள் இங்கே ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒன்றாக விசாரிக்கப்படுகின்றன. குக்கரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஆனால் நிறுவனம் நேரே எனக்குத் தொலைபேசி எடுத்து, பழைய மூடியை அனுப்பினால் புதியது தருவதாகச் சொன்னது. நானும் மடையன் மாதிரிப் பார்சல் கட்டினேன்.

பார்சல் கடை வாசலில் என்னை மறித்தவர், அதே வழக்கில் இருக்கும் வசந்தி அக்கா.

“புதுசு சும்மா தருகினம், அக்கா.”

“சும்மாவோ? மூடியைக் குடுத்திட்டு கோர்ட்டில எதைக் காட்டப் போறீர்? என்ர மூடியில பருப்பு காஞ்சுபோய்க் கிடக்கு. நான் கழுவக்கூட இல்லை. கொண்டு போம் வீட்டை.”

பிறகு நீதிமன்றம் நியமித்த நிபுணர் எங்கள் மூடிகளைப் பரிசோதித்தார். பூட்டு சரியாகப் பிடிக்காதபடியே செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. மூடியை அனுப்பியவர்கள் இன்று காட்ட எதுவுமின்றி நிற்கிறார்கள். நான் தப்பியது அக்காவால். அந்த நன்றி சாகும்வரை இருக்கும்.

இப்போது நிறுவனம் அழைத்தால், வழக்கறிஞரிடம் பேசச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறேன்.

நிறுவனத்தாரே, வழக்கு நடக்கும்போது எங்கள் வழக்கறிஞருக்குத் தெரியாமல் தெறித்த மூடிகளை ஏன் கேட்டீர்கள்? எல்லோரும் படிக்க, நான் இதை எழுதும் இதே பக்கத்தில் பதில் சொல்லுங்கள்.