அம்மா சொன்ன ரஹ்மத்

இன்று கடற்கரையில் ஒரு சவாரிக் குதிரையின் வியர்வை வாடை அடித்ததும், தென்னூரில் எங்கள் வீட்டெதிரே இருந்து இப்போது கடைவரிசையாகிவிட்ட ஜட்கா ஸ்டாண்டும், அங்கே நாளெல்லாம் கேட்ட சலங்கைச் சத்தமும், ஊறிய கொள்ளின் மணமும் திரும்பி வந்தன. அம்மா அதையெல்லாம் சன்னல் திரைக்குப் பின்னிருந்தே பார்த்தவள். பகலில் தெருவில் கால் வைத்ததில்லை. மழை பெய்தால், "ரஹ்மத் இறங்குது" என்பாள். ரஹ்மத் என்றால் மழை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு கத்திரி வெயிலில், மூட்டை ஏற்றிய வண்டியோடு ஒரு குதிரை சரிந்து விழுந்தது. வண்டிக்காரர் சாட்டையால் விளாசினார். எல்லோரும் வேடிக்கை பார்க்க, அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அடிக்காதீங்க அண்ணே. அல்லாவோட ரஹ்மத்து, அவனோட கருணை, இதுக்கும் சேத்துத்தான். முதல்ல மூட்டைய இறக்குங்க."

அவர் தலைகுனிந்து மூட்டைகளை இறக்கினார். அம்மா குடத்துத் தண்ணீரைப் புகட்ட, குதிரை மெல்ல எழுந்தது.

சாயங்காலம் அத்தா வீடு வருமுன்பே தெருவார் அவரிடம் சொல்லிவிட்டார்கள். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ அம்மாவிடம், "வாசல்ல ஒரு கல்தொட்டி போட்டுடலாம். எல்லாக் குதிரையும் தண்ணி குடிக்கட்டும்" என்றார்.

அதன்பின் ஜட்காக்காரர்கள் என்னை, "தொட்டி வீட்டுப் புள்ளையா?" என்று கேட்பார்கள். அந்தத் தெருவில் என்னைப்போல் நிமிர்ந்து நடந்தவர் யாருமில்லை.