சந்தனம் பட்ட கண்ணாடி

எனக்கு வயது அறுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களில் இளையவனின் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நானே. வேறு யாருமில்லை!

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல, அவனுடைய மகள் மதி எழுதுகிறாள். நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

இளையவன் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் ஆராய்கிறான். எண்பத்தைந்தாம் ஆண்டில், சரஸ்வதி பூசையன்று, நகருக்கு வெளியே அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கூட்டிப்போய்த் தன் இடத்தைக் காட்டினான். ஒரு மாடியில் நட்சத்திரங்களை ஆராய்கிறார்களாம். இன்னொன்றில் அணுவின் உள்ளே இருப்பதை. வேறொன்றில் கடுங்குளிரை...

"இந்த ஊரிலை குளிரையும் தேடிப்போய் ஆராயவேணுமே?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அவனுடையது லேசர் என்கிற கடும் ஒளி. நிலவறையில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் ஒளியைத் திருப்பிவிடும் சிறு கண்ணாடிகள்.

"அம்மா, ஒண்டிலையும் கை வைச்சிடாதேங்கோ. கோப்பி எடுத்துக்கொண்டு வாறன்."

ஓம் என்றேன். ஓம் என்று சொன்ன வாய்தான் இது!

ஊரில் அந்த நாளில் தையல் மெசினுக்கும் பொட்டு வைக்காமல் விட்டவளில்லை நான். மகனுக்குச் சோறு போடும் கருவியைச் சும்மா விட்டுவிட்டு வருவேனா? முந்தானை முடிச்சில் சந்தனம் இருந்தது. நடுக் கண்ணாடிக்கு ஒரு பொட்டு வைத்தேன்... காலடிச் சத்தம் கேட்டதும் பயந்து, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் ஒளியைப் பாய்ச்சியதும் அந்தக் கண்ணாடி கருகிப் போனது. அழுக்குப் பட்ட இடம் அந்த வெக்கையைத் தாங்காதாம். மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்த கண்ணாடி! முன்னமே ஒன்று அவன் கைதவறி விழுந்து உடைந்திருந்தது. பேராசிரியர் கத்தவில்லை. கருவிகளை விட்டுவிட்டு, ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடும் பக்கம் போ என்று மாற்றிவிட்டார். இப்போது அவனுக்குக் கடதாசியும் பென்சிலும்தான்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நான்தான் வடிவாத் துடைக்கேல்லை, அம்மா. என்ர கை இந்த வேலைக்குச் சரிவராது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணூறு என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்!

ஏன் சொல்லவில்லை? கோபிப்பான் என்றா? இல்லை... பெற்ற ஐந்து பேரிடமும் 'என் பிழை' என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

இப்போது அவன் தேத்தண்ணிக் கோப்பையையும் இரண்டு கையாலும் பிடிக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதி, எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. சத்தம் போடாமல் மெல்ல வாசி... உன்ர அப்பா பக்கத்து அறையிலை.