ஓரகத்தியின் ஷூ

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் திருவண்ணாமலையில், மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள். அதற்கு முதலில் பேர் கொடுத்தவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி. அப்போது கூட்டுக் குடும்பம். எங்கள் இருவருக்கும் ஒரே கால் அளவு என்பதால் வாசலில் கிடக்கும் செருப்பை யார் முதலில் கிளம்புகிறாளோ அவள் மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மூன்று மாதம் விடியலில் எழுந்து மைதானத்துக்குப் போய் ஓடிப் பழகினாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். அதை மாட்ட ஹாலில் ஆணிகூட அடித்துவிட்டாள். எனக்கோ காலை டிபன் வேலை மொத்தமும் என் தலையில் விழுந்த எரிச்சல்.

பதினைந்து வருடமாக மாதம் தவறாமல் பௌர்ணமி கிரிவலம் போகிறவள் நான், எனக்கெதற்குப் பயிற்சி என்று கடைசி நாளில் நானும் பேர் கொடுத்தேன். அதோடு விட்டேனா? அந்தப் பாதையில் செருப்புப் போட்டு நடந்த வழக்கமே எனக்கில்லை. அவள் வாங்கி வந்த ஷூவைக் காட்டி எல்லோர் முன்னாலும், "சாமி சுத்தற பாதையில இத்த போட்டுக்கினா ஓடப்போற?" என்று கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க ஏழரை ஆகிவிட்டது. வெறுங்காலோடு, புடவைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கொண்டு பாய்ந்தேன். ஓரகத்தி நிதானமாகப் பின்னால் வந்தாள். ரமணாசிரமம் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காக இன்னும் வேகமெடுத்தேன். புத்தி வேண்டாமா?

நிலா வெளிச்சத்தில் குளிர்ந்து கிடக்கும் தார் வேறு, பங்குனி வெயிலில் காயும் தார் வேறு என்பது அடி அண்ணாமலை கிராமம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஒரு இளநீர்க் கடை ஓரம் உட்கார்ந்தேன். "நடக்கற பாதையில எதுக்கும்மா ஓடறீங்க?" என்றார் கடைக்கார அம்மா. எனக்கு அழுகைதான் வந்தது.

சற்று நேரத்தில் ஓரகத்தி வந்தாள். மூச்சு வாங்கவில்லை, ஓட்டம் தளரவில்லை. பாதி தூரம் முடிந்திருந்தது, நேரம் தாராளமாக இருந்தது. என்னைப் பார்த்து நின்றவளை, நீ போ, நான் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று விரட்டினேன். அவள் கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றினாள்.

"காலை நீட்டுக்கா. மெதுவா நடந்தே போயிடலாம். நீயும் முடிக்கணும்ல?"

எந்த ஷூவைக் கேலி செய்தேனோ அதைப் போட்டுக்கொண்டு மீதி ஏழு கிலோமீட்டரை அவள் தோளைப் பிடித்தபடி நடந்தேன். அவள் சாக்ஸோடு நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கமெல்லாம் கொடுத்து முடித்தாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அடி அண்ணாமலை வரைக்கும் அக்காதான் எனக்கு முன்னாடி ஓடினாங்க" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். சமையலறைக்குள் போய் நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

மறு வருடம் கொழுந்தனாருக்கு வேலை மாற்றலாகி ஓசூருக்குப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் நான் கழற்றிப் போட்ட இடத்திலேயே என் செருப்பு கிடக்கிறது. ஹாலில் அவள் அடித்த ஆணியும் அப்படியே இருக்கிறது. காலண்டர் மாட்டலாமே என்று கணவர் எடுத்துக்கொண்டு வந்தபோது நான் விடவில்லை. அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதக்கம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.