நீலச்சட்டைக் குழுவுக்குக் கோத்த வளையல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்லும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும், அப்படியே விழுங்கிவிடுவேன். சொன்னால் சிலர் உடனே புதுமை, சாமி செய்த அற்புதம் என்பார்கள். மற்றவர்கள் சின்னப் பிள்ளைச் சண்டை என்று சிரிப்பார்கள். இரண்டும் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் குடியிருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அம்மா வீட்டிலிருந்தே கோயில் கடைக்குச் செபமாலை கட்டிக் கொடுப்பார். மணியைக் கம்பியில் கோத்து, குறடால் வளைத்து, பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி என்று அவர் விரல் தானாக ஓடும். ஒவ்வொரு மணிக்கும் ஓர் 'அருள்நிறை மரியே' மந்திரம் சொல்லித்தான் கோப்பார். பார்த்துப் பார்த்து எனக்கும் கை பழகிவிட்டது. மந்திரம் மட்டும் பாதியில் நின்றுவிடும்.

எங்கள் பங்குக் கோயிலில் ஓர் இன்னிசைக் குழு இருந்தது. ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அது நீலச்சட்டைக் குழுதான். கித்தாரும் கீபோர்டும் டிரம்முமாக நான்கு அண்ணன்கள், நடுவில் நீலத் தாவணியில் பாட்டுக்கார அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை முடித்து, ரயிலை விட்டு இறங்கி நேராக ஒத்திகைக்கு வருவார். அவர் பாட எழுந்தால் கோயிலின் பின்வரிசையில் ஊர்க்கதை பேசுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். சினிமாக்காரர்கள் யாரும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

அந்த வருஷம் முழுப்பரீட்சை முடிந்ததும், சூசையப்பர் திருவிழாவுக்குக் கொரட்டூரிலிருந்து பெரியம்மா மகள் வந்து இறங்கினாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் பையில் ஒரு பவுடர் டப்பா நிறைய பாசிமணி. நீலமும் வெள்ளையும் கலந்து மூன்று வரிசையாகப் பின்னி, நடுவில் குட்டிக் கித்தார் தெரிகிற மாதிரி வளையல் செய்தாள். நீலச்சட்டைக் குழு வளையல் என்று அவளே பெயரும் வைத்தாள். இரண்டே நாளில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வாசலில். என் வகுப்புத் தோழிகள் என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இன்னா நேக்குடி உன் விரல்ல!" என்றாரே, அன்று இரவு சோறு இறங்கவில்லை. என் விரலை அம்மா அப்படிப் பார்த்ததே இல்லை.

அதற்குமேல் அவள் ஒன்று சொன்னாள். திருவிழா மேடையில் பாட்டுக்கார அக்கா கையில் இந்த வளையல்தான் இருக்கும், பார்த்துக்கொண்டே இரு என்றாள்.

விடுவேனா? நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அம்மாவின் கம்பி வேலை. நீலக் கண்ணாடி மணியாகப் பத்து, அப்புறம் பெரிய வெள்ளை மணி ஒன்று. கை வேறு மாதிரி போகவே மாட்டேன் என்றது. கித்தாருக்கு ஈடாக ஏதாவது மின்ன வேண்டுமே என்று அம்மாவிடம் ஒரு சூசையப்பர் பதக்கம் கேட்டேன். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பளபளப்பாகவே பொறுக்கிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு மணிக்கும் என்ன சொல்லிக் கோத்தேன் என்று அவருக்குத் தெரியாது. "என்னுதத்தான் போடணும், அவளுத போடக்கூடாது." பத்து மணிக்கும் இதே மந்திரம்.

பெரியம்மா மகள் எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடி இது, செபமாலைல அறுந்த வாலா? உங்க ஊட்ல சோத்துக் கரண்டி செஞ்சாகூட சூசையப்பர ஒட்டிடுவீங்க போல கீது!"

திருவிழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்காவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. டிரம் அடிக்கிற அண்ணன், "நாளிக்கு நீ பாடுவியா, இல்ல காக்காவ வரவெச்சிக்கலாமா?" என்று கிண்டல் செய்தார். அக்கா சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது. பெரியம்மா மகளுடைய வளையலை வாங்கி, "அழகா கீதுடி" என்று உடனே மாட்டிப் பார்த்தார். என்னுடையதை வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பர்சுக்குள் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணிலேயே ஒற்றிக்கொண்டார் என்றால் யாருடையது உசத்தி? பெரியம்மா மகள் வழியெல்லாம் உம்மென்று வந்தாள். அன்றைக்கு இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தேர் நிலைக்கு வந்ததும் மேடையில் விளக்குப் போட்டார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார். வலது மணிக்கட்டில் கித்தார் வளையல், அத்தனை தூரத்துக்கும் தெரிந்தது. இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வெறுமை. விரல்களை இறுக மூடியிருந்தார். "பாத்தியா? பாத்தியா?" என்று பெரியம்மா மகள் என் தொடையில் கிள்ளினாள். முதல் வரியில் அக்காவின் குரல் பிசிறியது. கண்ணை மூடினார். இரண்டாவது வரியில் குரல் நிலைகொண்டது. அப்புறம் எப்போதும்போல எழுந்தது. கூட்டமே கைதட்டியது. நான் தட்டவில்லை. மற்றவர்கள் தாளம் போடும்போதும் அக்கா மட்டும் அந்த இடது கையைத் திறக்கவே இல்லை. எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் பெரியம்மா மகள் என்னை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். அக்கா என்னைப் பார்த்ததும் இடது கையை விரித்தார். உள்ளே என் வளையல்! வியர்வையில் நனைந்திருந்தது. உள்ளங்கையில் மணிமணியாகப் பள்ளம் பதிந்து சிவந்திருந்தது.

"உங்கம்மா கட்டுனதா? காலைல கோயில் சாமியாராண்ட மந்திரிச்சிக்கினேன். இதப் புடிச்சிக்கினுதாம்மா பாடுனேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அது செபமாலை இல்லக்கா! நான் செஞ்ச வளையல்! கையில போட்டுக்குங்க!"

அக்கா திகைத்துப்போனார். வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயையோ, மந்திரிச்சிட்டனே கண்ணு. இனிமே அழகுக்குப் போடலாமா?" என்றார்.

போடக்கூடாது. மந்திரித்தது செபத்துக்குத்தான், நகையாக ஆகாது. செபமாலை கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாதா? அந்த வளையல் இனி எந்தக் காலத்திலும் அக்காவின் மணிக்கட்டில் ஏறாது. பெரியம்மா மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள். வீடு வரும்வரை என் முன்னால் கையை ஆட்டி ஆட்டி நடந்தாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு தோல்வி இல்லை என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

ஊர் பார்க்கத்தான் மணிக்கட்டு என்பதும், கால் நடுங்கும்போது பிடித்துக்கொள்வது வேறு இடத்தில் இருக்கும் என்பதும் அந்தப் பதினொரு வயதுக்குத் தெரியவில்லை. வயிறெரிந்து கோத்த மணியில் இன்னொருத்தியின் செபத்தைக் கேட்டுக்கொண்ட கடவுளை நினைத்தால், தினமும் சாயங்காலம் செபமாலை எடுக்கும்போது எனக்கு இன்றைக்கும் விரல் ஒரு மணியில் நின்றுவிடுகிறது.

இதைப் படித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கதை நன்றாக இருக்கும் என்று என் வளையலை அக்காவின் மணிக்கட்டில் ஏற்றிவிட வேண்டாம். மணிக்கட்டில் இருந்தது பெரியம்மா மகளுடையது. என்னுடையது மூடிய கைக்குள் இருந்தது.